செயலாளரின் ஆண்டறிக்கை 2024: வட்டார இயற்கை ஆர்வலர் குழு, சிங்கப்பூர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் சமூக மன்றத்தில் நடந்தன. சுங்கை பூலோ, பீஷான் நடைகளுக்குத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நிறைய வந்தது பெரிய மகிழ்ச்சி. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பறவைக் கூடுகளில் வாழும் ஈக்களையும், அந்த ஈக்களைக் கொல்லும் குளவிகளையும் பற்றி நாம் நடத்திய உரைகளைக் குறித்துத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்.

எல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் ஒன்றின் தாழ்வாரத்தில், தொட்டிச்செடியில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. "குஞ்சுக்குப் புழு வந்துடுமோன்னு பயமா இருக்கு தம்பி, மருந்து அடிக்கலாமா?" என்று அந்த வீட்டு அக்கா கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றோம். கூட்டில் அடிக்கும் மருந்து குஞ்சின் மேல்தானே முதலில் படும்? அக்காவும் பொறுமையாக, குஞ்சுகள் பறந்து போகும்வரை கூட்டின் பக்கமே போகாமல் தொட்டி ஓரத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றினார். அவருக்கு நன்றி.

அக்காவின் பயம் ஆதாரம் இல்லாததல்ல. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புரோட்டோகலிஃபோரா என்ற ஈ பறவைக் கூட்டில் முட்டையிடுகிறது. நம் ஈரச்சந்தையில் மீன்கடைப் பக்கம் சுற்றும் நீல ஈ, பச்சை ஈயின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதன் புழுக்கள் கூட்டின் அடியில் ஒளிந்திருந்து, அவ்வப்போது மேலே வந்து குஞ்சுகளின் இரத்தத்தைக் குடிக்கும். பெரும்பாலான குஞ்சுகள் இதைத் தாங்கிவிடும். புழு அதிகமாகி, மழையும் குளிரும் சேர்ந்துகொண்டால்தான் ஆபத்து.

அந்தப் புழு வளர்ந்து பழுப்பு ஓட்டுக்குள் அடங்கும்போது நேசோனியா என்ற குளவி வருகிறது. நீளம் 2, 3 மில்லிமீட்டர்தான். ஓட்டைத் துளைத்து, உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவுக்கு நஞ்சேற்றி, அதன்மேல் முட்டைகளை இடுகிறது. 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 2 வாரத்தில் புதிய குளவிகள் தயார். ஈ அங்கேயே முடிந்தது. ஆண்கள் முதலில் வெளியே வந்து, பின்னால் வரும் பெண்களுக்காக ஓட்டின் மேலேயே காத்திருக்கும். மிகப் பரவலான நேசோனியா இனத்தில் ஆண்களின் இறகு குட்டை, பறக்க முடியாது.

கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். எது எத்தனை என்பது தாயின் கையில். தனியாக ஓர் ஓட்டைப் பிடித்த தாய் பெரும்பாலும் பெண்களையே பெறுகிறது; எல்லாருக்கும் சில ஆண்கள் போதும். வேறொரு குளவி ஏற்கெனவே முட்டையிட்ட ஓடு என்றால் ஆண்களின் பங்கைக் கூட்டிவிடுகிறது. இப்படிப்பட்ட கணக்கு இருக்க வேண்டும் என்று 1967லேயே ஹாமில்டன் என்ற பரிணாம உயிரியலாளர் எழுதினார். இதைக் கேட்டுவிட்டு அன்று கூட்டம் கலையவே வெகு நேரமானது.

ஓர் உறுப்பினர் சமூகத் தோட்டத்தின் எருக்குழி ஓரத்தில் பொறுக்கிய ஈ ஓடுகளைக் கொண்டு வந்திருந்தார். பூதக்கண்ணாடியில் எல்லாரும் பார்த்தோம். ஈ வெளியேறிய ஓட்டின் ஒரு முனை மூடி கழன்றதுபோல் திறந்திருந்தது. இன்னொன்றில் இரு முனையும் அப்படியே இருக்க, பக்கவாட்டில் மட்டும் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை. குளவிகள் கடித்து வெளியேறிய வழி அது. பிள்ளைகள் பூதக்கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை.

டெங்கியைத் தடுக்க 2016 முதல் நம் வட்டாரங்களில் விடப்படும், வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமந்த கொசுக்களை எல்லாருக்கும் தெரியும். அதே வோல்பாக்கியா பாக்டீரியா நேசோனியாவுக்குள்ளும் இருக்கிறது. இரண்டு நேசோனியா இனங்கள் கலந்தாலும் கலப்பின மகள்கள் பிறக்காமல் தடுப்பது அதுவே என்று 1990இல் காட்டினார்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்துப் பாக்டீரியாவை நீக்கியதும் கலப்பின மகள்கள் பிறந்தன. டெங்கியைத் தடுக்க வந்த கொசுவும் இந்தக் குளவியும் ஒரே பாக்டீரியாவால் கட்டுண்டவை என்று அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

ஒரு முக்கியமான வேறுபாட்டையும் பதிவு செய்கிறேன். பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகஸ் தீவுகளில் வெளியிலிருந்து வந்த ஃபிலோர்னிஸ் என்ற ஈ, டார்வின் குருவிகளின் குஞ்சுகளைக் கொல்கிறது. அது 1997இல் கூடுகளில் கண்டறியப்பட்டது. அங்கே அழியும் நிலையில் உள்ள பறவையைக் காக்க ஆய்வாளர்களே கூட்டில் மருந்து போடுகிறார்கள். அது அவர்களின் கடைசி வழி. அதைக் காரணம் காட்டி நம் தாழ்வாரத்தில் யாரும் மருந்துப் புட்டியைத் தூக்கக் கூடாது. ஈயோடு சேர்ந்து அதைக் கட்டுப்படுத்தும் குளவியும் செத்துப்போகும்.

ஆகவே செயற்குழு இரண்டு முடிவுகளை எடுத்துள்ளது. குஞ்சுள்ள கூட்டை உறுப்பினர் எவரும் தொடுவதில்லை. எந்தக் கூட்டையும் ஆய்வுக்கு எடுப்பதானால் தேசியப் பூங்காக் கழகத்திடம் முதலில் அனுமதி கேட்பது. அப்புறம், அடுத்த ஆண்டு தாழ்வாரக் கூடுகளைத் தூரத்திலிருந்து கவனித்துக் குறிப்பெடுக்க ஆள் தேவை. விருப்பமுள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுங்கள்.

நன்றி.
செயலாளர்