ஏற்காடு மலைப்பாதையும் வாந்தி மாத்திரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையும் மலர்க் கண்காட்சியும் நெருங்கும் இந்நாட்களில், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் புறப்படும் குடும்பங்கள் வழியில் வாங்கி விழுங்கும் ‘வாந்தி மாத்திரை’ பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான்.

அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்தில் பேருந்து ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஏரிக்கரையில் இறங்கிவிடுகிறோம். ஆனால் பலர் மாத்திரையைப் போட்டுக்கொள்வது அடிவாரத்தில்தான்; இன்னும் சிலர் மூன்றாவது, நான்காவது வளைவில் வயிற்றைப் புரட்டத் தொடங்கிய பிறகே பையைத் துழாவுகிறார்கள். இம்மாத்திரைகளில் இருக்கும் புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மருந்துகள் வேலை செய்யக் குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். சின்னரசின் என்ற மருந்தைப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட வேண்டும். குமட்டல் வந்துவிட்டால் இரைப்பையின் இயக்கமே மந்தமாகிவிடுவதால், விழுங்கிய மாத்திரை குடலுக்குப் போய்ச் சேராமல் அங்கேயே கிடக்கும், அல்லது வாந்தியோடு வெளியே வந்துவிடும். அப்படி வெளியே வராவிட்டால், ஏறும்போது பயன்படாத மருந்து மேலே போய்ச் சேர்ந்த பிறகு தன் வேலையைத் தொடங்கி, நான்கு முதல் ஆறு மணி நேரம், சிலருக்கு அன்று மாலை வரைக்கும்கூட உடலில் நிற்கிறது. பயணம் ஒரு மணி நேரம், மருந்தின் தூக்கமோ அரை நாள் என்ற இந்தக் கணக்கைத்தான் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதில் எனக்குப் பெரும் கவலை தருபவர்கள் இருசக்கர வாகனத்தில் வருபவர்களும், காரை ஓட்டிவரும் குடும்பத் தலைவர்களும். ஓட்டுபவருக்குப் பொதுவாகத் தலைசுற்றல் வருவதில்லை. ஆனாலும் மனைவி மக்களுக்கு வாங்கும்போது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தாமும் ஒன்றைப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. சேர்வராயன் கோயிலையும் பகோடா பாயிண்டையும் பார்த்துவிட்டு அவர்கள் இறங்கத் தொடங்கும் நேரத்தில், கண் சொக்குவது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். இம்மருந்து தூக்கத்தை உணர்வதற்கு முன்பே கையின் வேகத்தையும் கவனத்தையும் குறைத்துவிடும். வாகனம் ஓட்டுபவர் இதைத் தொடவே கூடாது. மதுவோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெரிது.

தூக்கம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. பேருந்தின் உள்ளே பார்க்கும் கண் ‘நிலையாக இருக்கிறோம்’ என்கிறது. உட்செவியோ ‘சுழல்கிறோம்’ என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாகிறது. வாந்தி மாத்திரைகளில் இருக்கும் பழைய வகை ஒவ்வாமை மருந்துகள் மூளைக்குள் நுழைந்து அந்தச் செய்தியைத் தடுப்பதால்தான் பயன் தருகின்றன. நுழைவதால்தான் தூங்கவும் வைக்கின்றன. தும்மலுக்குத் தரும் செட்ரிசின், ஃபெக்சோஃபெனடின் போன்ற புதிய மருந்துகள் மூளைக்குள் அவ்வளவாகச் செல்லாததால் மலைப்பயணக் குமட்டலுக்கு உதவுவதில்லை. வீட்டில் மிச்சமிருக்கிறது என்று அவற்றை எடுத்து வருவது வீண்.

குழந்தைகள் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது; மூச்சு அடங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம். அந்த வயதில் பயணக் குமட்டல் பெரும்பாலும் வருவதும் இல்லை. பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்துவிட்டு, தோளில் துவண்டு கிடக்கும் பிள்ளையைப் பார்த்து ‘தொந்தரவு இல்லாமல் தூங்குகிறான்’ என்று மகிழும் தாய்மார்களைப் பேருந்திலேயே பார்க்கிறேன். அந்தப் பிள்ளைக்குச் சளி மருந்தும் கொடுத்திருந்தால், அதிலும் குளோர்பெனிரமின் என்ற இதே வகை மருந்து இருக்கக்கூடும். அப்போது ஒன்று இரண்டாகிவிடுகிறது.

முதியவர்களுக்கு வாய் உலர்வதும் கால் தடுமாறுவதும் மட்டுமல்ல, குழப்பமும் வரலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். கண்ணழுத்த நோய், வலிப்பு நோய் உள்ளவர்களும், கருவுற்ற பெண்களும், தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை எடுக்கக் கூடாது.

கடைகளில் நடப்பதையும் சொல்ல வேண்டும். ‘வாந்தி மாத்திரை ரெண்டு கொடுங்க’ என்றதும் அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் இரண்டை வெட்டிச் சிறு காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். மருந்தின் பெயர் அட்டையின் ஒரு துண்டில், காலாவதி நாள் மறுமுனையில். வாங்கியவர் கையில் இருப்பதோ பளபளக்கும் வெற்றுத் தகடு. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் இவ்வகை மருந்துகளில் பல அட்டவணை ஜி-யில் வருகின்றன. மருத்துவ மேற்பார்வையின்றி உட்கொள்வது ஆபத்து என்று மருந்து அட்டையில் அச்சிட வேண்டும் என்பது விதி. அந்த வரியும் வெட்டுப்பட்டுப் போகிறது. பிறகு ஏதேனும் ஆகி மருத்துவமனைக்குப் போனால், என்ன சாப்பிட்டார் என்று மருத்துவருக்குச் சொல்ல வழியில்லை.

மாத்திரை இல்லாமலேயே பலர் சமாளிக்கலாம். முன்பக்க இருக்கை, எதிரே தெரியும் சாலையின் மீது பார்வை, திறந்த ஜன்னல், வயிறு முட்டாத இட்லி இரண்டு. கைப்பேசியைப் பையில் வைத்துவிட வேண்டும். எலுமிச்சம்பழத்தை முகர்வது சிலருக்கு ஆறுதல் தருகிறது, தீங்கில்லை, முகரட்டும். இவ்வளவுக்கும் அடங்காதவர்கள் மருந்தாளுநரிடம் வயதையும் மற்ற நோய்களையும் சொல்லி, தமக்கு ஏற்றதை முன்னதாக வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

சேலத்து மருந்துக் கடைக்காரர்கள் இம்மாத்திரையைக் கேட்பவரிடம் ‘யாருக்கு, என்ன வயது, வண்டி ஓட்டுபவரா’ என்று கேட்டு, பெயரும் காலாவதி நாளும் உறைமேல் எழுதித் தர வேண்டுமென்று வேண்டுகிறேன். கோடை விழாவுக்கு முன்பே, மாத்திரை போட்டவர் வாகனம் ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கைப் பலகை ஒன்றை மாவட்ட நிர்வாகம் அடிவாரத்திலும், திரும்பி இறங்குபவர் கண்ணில் படும்படி ஏரிக்கரையிலும் வைத்தால் நன்று.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
கன்னங்குறிச்சி, சேலம்.