சரசுவின் பொம்மைக்கு ஜிப்பி

ஹாரோ, லண்டன்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். கொஞ்சம் தெளிந்ததும் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், விடாதே. இங்கே நாங்கள் சுகம். என் முழங்கால்தான் குளிர் வந்தால் படுத்துகிறது. சின்னவன் வேலை மாறிவிட்டான். மாதம் ஒரு தடவையாவது வீட்டுக்குச் சாப்பிட வருகிறான்.

பால்வாடிப் பிள்ளைகளுக்குத் துணியில் ஒரு கைப்பொம்மை தைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். கை கழுவுகிற, வணக்கம் சொல்கிற, சொன்ன பேச்சுக் கேட்கிற நல்ல பையனாக இருக்கட்டும் என்று சூப்பர்வைசரம்மா சொன்னதாகவும், நர்சரியில் வேலை பார்த்தவள் என்பதால் என் யோசனை வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம் சரசு. நல்ல பையனைத் தைக்காதே. ஏன் என்று சொல்ல ஜிப்பியின் கதையைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

கல்யாணமாகி எண்பதுகளின் நடுவில் நான் இங்கே வந்தேன் இல்லையா, பெரியவன் பேச ஆரம்பித்த நாட்களில் வீட்டுத் தொலைக்காட்சியில் ‘ரெயின்போ’ என்று ஒரு நிகழ்ச்சி வரும். பள்ளிக்கூடம் போகும் வயது வராத குழந்தைகளுக்கானது. ஒரு வீடு. அதில் ஜெஃப்ரி என்கிற பெரியவர் ஒருவர். அவரோடு பங்கிள் என்ற கரடி, ஆள் உள்ளே நின்று நடிக்கிற கரடி. ஜார்ஜ் என்ற இளஞ்சிவப்பு நீர்யானை, ரொம்பக் கூச்சம், மெதுவாகப் பேசும். அப்புறம் ஜிப்பி. ரக்பி பந்து மாதிரி நீண்ட தலை, ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறம், நீலக் கண், வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஜிப். என்ன பிராணி என்று யாரும் சொன்னதில்லை. குழந்தைகளும் கேட்டதில்லை.

ஜிப்பிக்கு வாய் ஓயாது. எதிலும் தான்தான் பெரியவன். படம் வரைந்தால் தன்னுடையதுதான் அழகு. பாட்டு என்றால் தான்தான் முதலில். கேக் வந்தால் பெரிய துண்டு தனக்கு. மற்றவர்களைப் பேசவே விட மாட்டான். பொறுக்க முடியாமல் போனால் யாராவது அவன் வாய் ஜிப்பை இழுத்து மூடிவிடுவார்கள். அப்போதும் உள்ளேயிருந்து முனகுவான். அடுத்த நாள் அதே ஜிப்பி, கொஞ்சமும் திருந்தாமல். இருபது வருஷம் அவன் திருந்தவே இல்லை. அவன் பலமே அதுதான் என்று நான் நம்புகிறேன்.

அந்த நிகழ்ச்சி வந்த பின்னணியும் சுவாரசியமானது. 1969-இல் அமெரிக்காவில் ‘செசமி ஸ்ட்ரீட்’ தொடங்கிப் பெரிய பேர் வாங்கியது. இங்கே பிபிசி அதை எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது பிபிசியின் குழந்தைகள் பிரிவுத் தலைவியாக இருந்த மோனிகா சிம்ஸுக்கு, குழந்தைகளை ஒரு வார்ப்பில் போட்டு எடுக்கிற நோக்கம் அதில் தெரிகிறது என்று கவலை. போட்டியான ஐடிவியில் தேம்ஸ் டெலிவிஷன்காரர்கள் தங்கள் வழியில் ஒன்று செய்ய நினைத்தார்கள். பமேலா லான்ஸ்டேல் என்ற பெண்மணிதான் தயாரிப்பாளர். அந்த 1972-இல்தான் தொலைக்காட்சி ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் ஓடலாம் என்ற கட்டுப்பாட்டை அரசாங்கம் எடுத்திருந்தது. ஐடிவி பகல் ஒளிபரப்பை ஆரம்பித்த அன்றே, அக்டோபர் 16-ஆம் தேதி, ‘ரெயின்போ’வும் வந்தது. வீட்டில் தாயும் குழந்தையும் மட்டும் இருக்கிற மத்தியான வேளைக்குத்தான் அதை வைத்தார்கள். அதே வருஷம் டிசம்பரில், கல்வி மந்திரியாக இருந்த மார்கரெட் தாட்சர், பத்து வருஷத்துக்குள் நான்கு வயதுப் பிள்ளைகளில் 90 சதவீதம் பேருக்கு நர்சரியில் இடம் என்று வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அது அந்தக் கெடுவில் நடக்கவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்ட பிள்ளைகளுக்கு அந்த மத்தியானக் கால் மணி நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். உன் ஊரில் பால்வாடி இல்லாத தெருப் பிள்ளைகளை நீதானே தேடிப் போய்க் கூட்டி வந்தாய்.

அமெரிக்க நிகழ்ச்சி ஒரு தெரு. எழுத்தும் எண்ணும் துண்டு துண்டாக, விளம்பரம் போல ஓடும். இது ஒரு வீடு. அவசரமே கிடையாது. இன்றைக்கு மழை என்றால் மழையைப் பற்றியே பேசுவார்கள், பாடுவார்கள், ஜெஃப்ரி ஒரு கதைப் புத்தகம் எடுத்து வாசிப்பார். பாட்டுக்கு ராட், ஜேன், ஃபிரெடி என்று மூன்று பேர். ஜெஃப்ரியாக நடித்த ஜெஃப்ரி ஹேய்ஸ் அதற்கு முன் போலீஸ் தொடரில் நடித்துக்கொண்டிருந்தவர். 1973-இல் இங்கே வந்து கடைசிவரை இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் நீ. ஜிப்பி எவ்வளவு அட்டகாசம் செய்தாலும் அலுத்துக்கொள்வார், கண்டிப்பார், ஆனால் அவனை வெறுப்பதாக ஒரு நொடிகூடத் தோன்றாது. 2018-இல் அவர் இறந்தபோது, இங்கே நாற்பது ஐம்பது வயது ஆட்கள் சொந்தத்தில் ஒருவர் போனது போல வருத்தப்பட்டார்கள்.

பொம்மைக்குப் பின்னால் இருந்தவர்களைப் பற்றி உனக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முதல் வருஷம் ஜிப்பியை ஆட்டியவர் வயலட் ஃபில்பாட் என்ற பொம்மலாட்டக் கலைஞர். மேஜைக்கு அடியில் குனிந்து, கையை மேலே தூக்கியபடியே மணிக்கணக்கில் செய்கிற வேலை. முதுகு கெட்டுப்போய் அவர் விலகினார். பிறகு வந்தவர் ரானி லெ ட்ரூ. லண்டன் இஸ்லிங்டனில் 1961-இல் ஜான் ரைட் தொடங்கிய ‘லிட்டில் ஏஞ்சல்’ பொம்மலாட்ட அரங்கில் தொழில் கற்றவர். பல வருஷம் அந்த ஆரஞ்சுத் தலைக்குள் இருந்தது அவர் கைதான். ஜிப்பியையும் ஜார்ஜையும் பெரும்பாலும் மேஜைக்குப் பின்னாலோ ஜன்னலிலோதான் பார்க்கலாம், கீழே ஆள் இருப்பதால்.

குரல் கொடுத்தவர் கதை இன்னும் அழகு. முதலில் பீட்டர் ஹாக்கின்ஸ், அடுத்த வருஷத்திலிருந்து ராய் ஸ்கெல்டன். இரண்டு பேருமே ‘டாக்டர் ஹூ’ என்ற விஞ்ஞானக் கற்பனைத் தொடரில் டாலெக் என்கிற இரும்பு அரக்கர்களுக்குக் குரல் கொடுத்தவர்கள்! இந்த ஊர்ப் பிள்ளைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்ட அதே தொண்டைதான் ஜிப்பியின் தொண்டை. ஸ்கெல்டன் ஜார்ஜுக்கும் சேர்த்து ஒரே ஆளாகப் பேசினார். ஒருவன் கத்துவான், மற்றவன் தயங்கித் தயங்கிப் பதில் சொல்வான், அத்தனையும் ஒரே மனிதர். பல எபிசோடுகளை எழுதியதும் அவரே. அந்த அதட்டல் குரலைத் தாட்சரிடமிருந்தும் வட அயர்லாந்து அரசியல்வாதி இயான் பெய்ஸ்லியிடமிருந்தும் எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 2011-இல் போய்விட்டார், பாவம். அவருக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். முகம் தெரியாமல் உழைப்பவர்களுக்கு எங்கேயும் இதுதான் நடக்கிறது.

இப்போது உன் பொம்மைக்கு வருகிறேன். பெரியவன் ஜிப்பியைப் பார்க்கிற விதத்தைக் கவனித்தபோதுதான் எனக்கு இது புரிந்தது. மற்ற நேரத்தில் வீட்டில் எல்லாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள். செருப்பு மாற்றிப் போட்டிருக்கிறாய், மெதுவாகப் பேசு, பகிர்ந்து சாப்பிடு. ஜிப்பி வந்ததும் அவன் எழுந்து நின்றுவிடுவான். “டேய், அது ஜார்ஜோடது, குடுத்துடு!” என்று டிவியைப் பார்த்துத் தமிழில் கத்துவான். ஜிப்பி தப்பாக எண்ணினால் இவன் சரியாக எண்ணுவான். யாரோ ஒருவன் தன்னைவிடக் கம்மியாகத் தெரிந்தவன் இருந்தால்தான் பிள்ளை பெரியவனாக முடியும். நல்ல பையன் பொம்மையை வைத்தால் அதற்குச் சொல்லிக்கொடுக்க உன் பிள்ளைகளிடம் எதுவும் இருக்காது. கை கழுவாமல் சோற்றில் கை வைக்கிற பொம்மையைக் கொண்டு போய் நிறுத்திப் பார். இருபது பிள்ளைகளும் ஒன்றாகக் கத்தும். அந்தச் சத்தத்தில் பாடம் தானாக நடந்துவிடும். சூப்பர்வைசரம்மாவை அன்றைக்கு வந்து பார்க்கச் சொல்.

இரண்டு பொம்மை தை. ஒன்று மட்டும் போதாது. அடாவடிக்காரனைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைகள் சில பேர். மூலையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஜார்ஜ் மாதிரி ஒருவன் வேண்டும். கூச்சப்படுகிறவன், ஆனால் கடைசியில் தன் வார்த்தையைச் சொல்லிவிடுகிறவன். நான் வேலை பார்த்த நர்சரியில் இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகள் எங்களிடம் வாயே திறக்காது, சாதுப் பொம்மையின் காதில் மட்டும் தன் மொழியில் ஏதோ சொல்லும். அந்தப் பொம்மையை யாருக்கும் தூக்கிக் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொள்ளும்.

ஆனால் ஜிப் மட்டும் வேண்டாம். இதில் எனக்கு ஜிப்பியின் வீட்டோடு சண்டைதான். ஜிப்பியை மூடினால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும், எனக்கும் சிரிப்பு வரும், அதை மறைக்கவில்லை. மூடிய ஜிப்பைத் திரும்பவும் திறந்துவிடுவார்கள் என்பதும் உண்மை. இருந்தாலும் “வாயை மூடு” என்பதை நம் பிள்ளைகள் வீட்டில் போதுமான அளவு கேட்டு வளர்கிறார்கள். பால்வாடியிலாவது அதைக் கேட்க வேண்டாம். உன் பொம்மை அதிகம் பேசினால், “நீ சொன்னதைக் கேட்டோம், இப்போது செல்வியின் முறை” என்று ஒரு பிள்ளையை விட்டுச் சொல்ல வை. பொம்மை கோபித்துக்கொண்டு தலையைத் திருப்பிக்கொள்ளட்டும். சமாதானம் செய்கிற வேலையும் பிள்ளைகளுக்கே போகும்.

ஆட்டுவது பற்றி இரண்டு விஷயம் மட்டும். பேசும்போது மேல் தாடையை ஆட்டாதே, தலை முழுக்கத் துள்ளும். கட்டை விரலைக் கீழே இறக்கி வாயைத் திற, ஒவ்வொரு அசைக்கும் ஒரு தடவை. அடுத்தது கண். மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னால் மடக்கிப் பிடிக்காவிட்டால் பொம்மை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் கண்ணைப் பார்க்க வேண்டும் அது. கையை ரொம்ப நேரம் தூக்கியே வைக்காதே. வயலட் ஃபில்பாட் கதையைச் சொன்னேனே, நமக்கும் வயசாகிறது. முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்.

‘ரெயின்போ’ எடுத்த டெடிங்டன் ஸ்டுடியோ தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்தது. தேம்ஸ் டெலிவிஷனின் ஒளிபரப்பு உரிமம் முடிந்த 1992-ஓடு பழைய நிகழ்ச்சியும் முடிந்தது. ஸ்டுடியோவையும் சில வருஷம் முன்பு இடித்து அடுக்குமாடி வீடு கட்டிவிட்டார்கள். 1,000 எபிசோடுக்கு மேல் வந்த நிகழ்ச்சி, எதையும் இடித்துவிடுகிறார்கள். எனக்கு ஆறவில்லை.

கொஞ்சம் ஃபெல்ட் துணியும் கண்ணுக்கு வைக்கப் பெரிய பொத்தான்களும் வாங்கி வைத்திருக்கிறேன். சின்னவனோடு கூட வேலை பார்க்கிற பையன் அடுத்த மாதம் மதுரைக்கு வருகிறான், கொடுத்தனுப்புகிறேன். அடாவடிக்காரனுக்கு என்ன பேர் வைப்பது என்பதை நீ முடிவு செய்யாதே, பிள்ளைகளிடம் விட்டுவிடு. வைத்த பேரை எனக்கு உடனே எழுது. குரலை மட்டும் யாரிடமிருந்து எடுக்கப் போகிறாய்? நம் டிரெய்னிங் ஸ்கூல் வார்டன் அம்மா குரல் இன்னும் உனக்கு வருமா?

அன்புடன்,
மீனா