உங்க பட்டியல்ல உறவுக்கு ஒரு கட்டம் இல்ல

அழிஞ்சுட்டு வர்ற உயிர்களைப் பட்டியல் போடுறவங்களுக்கும், காப்பகம்னு மேப்ல கோடு இழுக்குறவங்களுக்கும், நாடு நாடா பல்லுயிர்த் திட்டம் எழுதுற எல்லாருக்கும் வணக்கம்.

முதல்லயே சொல்லிடறேன், உங்களைக் குறை சொல்றதுக்காக இதை எழுதல. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தோட (IUCN) சிவப்புப் பட்டியல் 1964ல ஆரம்பிச்சது, இன்னைக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட உயிரினங்களை ஒண்ணொண்ணா பார்த்து அதுல 45,000க்கும் மேல ஆபத்துல இருக்குன்னு சொல்லுது, அதுல ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தர் வெயில்லயும் மழையிலயும் அலைஞ்சு எண்ணியிருக்காங்க, அவங்க இல்லேன்னா எது எது போயிட்டிருக்குன்னே நமக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா ஒரு விஷயம் மட்டும், மனுஷனுக்கும் காட்டு உயிருக்கும் நடுவுல இருக்கிற உறவு, அந்தப் பட்டியல்ல விழவே மாட்டேங்குது. அதைப் பத்திதான் உங்ககிட்ட பேசணும்.

தேன்காட்டிப் பறவை உங்களுக்குத் தெரியாததில்ல. ஆப்பிரிக்காவுல சஹாராவுக்குத் தெற்கே பரவலா இருக்கு, மைனாவை விடச் சின்னது, பழுப்பும் சாம்பலுமா இருக்கும், பக்கத்துல வந்து உக்காந்தாக்கூட நாம கவனிக்காம போயிடுவோம். அதுக்குப் பிடிச்சது தேன்மெழுகு. மெழுகைச் செரிக்கிற வயிறு அதுக்கு இருக்கு, ஆனா மரப்பொந்தைப் பிளக்கவோ தேனீங்களை விரட்டவோ அதால முடியாது. மனுஷன்கிட்ட கோடாலி இருக்கு, புகை போடத் தெரியும், ஆனா இத்தனை மரத்துல எந்த மரத்துல கூடு இருக்குன்னு தெரியாது. அதனால ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டாங்க.

மொசாம்பிக்கோட வடக்குல நியாசா காப்பகத்துல யாவோ மக்கள் தேன் எடுக்கப் போறப்போ நாக்கை உருட்டி 'பர்ர்ர்'னு நீளமா ஒரு சத்தம், கடைசியில தொண்டைக்குள்ள 'ஹ்ம்'னு ஒரு முடிப்பு, இப்படிக் கூப்பிட்டுக்கிட்டே நடப்பாங்க. பறவை எங்கேயோ இருந்து வரும், கிளையில உக்காந்து சளசளன்னு கத்தும், ஆளு கிட்ட வந்ததும் அடுத்த மரத்துக்குப் பறக்கும், பின்னாடியே வர்றாங்களான்னு காத்திருக்கும், அவங்க வரலேன்னா திரும்பி வந்து மறுபடியும் கத்தும். கூடு இருக்கிற மரம் வந்ததும் அமைதியாயிடும். அப்புறம் ஆளுங்க மேல பார்த்து, மரத்தைத் தட்டி, பொந்தைக் கண்டுபிடிச்சு, புகை போட்டு, தேனை எடுத்துக்கிட்டு மெழுகடையைப் பறவைக்கு வச்சுட்டுப் போவாங்க. இதை யாரும் பழக்கல, கூண்டுல அடைச்சுச் சொல்லித் தரல, அது முழுக்க முழுக்கக் காட்டுப் பறவை.

பறவை ஆய்வாளர் கிளேர் ஸ்பாட்டிஸ்வுட்டும் கூட வேலை பார்த்தவங்களும் அங்கேயே போய்ச் சோதிச்சு 2016ல எழுதினாங்க. அந்தக் குறிப்பிட்ட சத்தம் போட்டா பறவை வழிகாட்ட வர்ற வாய்ப்பு 33 சதவீதத்துல இருந்து 66 சதவீதமாகுது, கடைசியில கூடு கிடைக்கிற வாய்ப்பு 16ல இருந்து 54 சதவீதமாகுது. வேற மனுஷப் பேச்சுக்கோ புறா சத்தத்துக்கோ அது அப்படி அசையல. 2023ல இன்னொரு ஆய்வு வந்துச்சு, அதுதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடல. தான்சானியாவுல ஹட்சா மக்கள் அதே பறவையை விசிலடிச்சுக் கூப்பிடுவாங்க, அங்க இருக்கிற பறவை அந்த விசிலுக்கு மூணு மடங்குக்கும் மேல வருது, யாவோ சத்தத்துக்கு அவ்வளவா வரல. மொசாம்பிக்ல அப்படியே தலைகீழ். அதாவது அந்தந்த ஊர்ப் பறவைக்கு அந்தந்த ஊர் மக்களோட கூப்பாடு தெரிஞ்சிருக்கு. இத்தனைக்கும் இந்தப் பறவை குயில் மாதிரி வேற பறவையோட கூட்டுல முட்டை போடுறது, பெத்தவங்க முகமே பார்க்காம வளருது, அப்போ கூப்பாட்டை அம்மா சொல்லித் தந்திருக்க வழியில்ல, மனுஷங்க கூடப் பழகிப் பழகித்தான் கத்துக்கிட்டிருக்கணும்.

இது நேத்து வந்த பழக்கமும் இல்ல. 1588ல மொசாம்பிக் கடற்கரையில இருந்த ஒரு போர்த்துக்கீசியப் பாதிரியார், தேவாலயத்துல இருந்த மெழுகுவர்த்தியைக் கொத்தித் தின்ன ஒரு குருவியைப் பார்த்து எழுதி வச்சிருக்கார், அது ஆளுங்களைத் தேன் கூட்டுக்குக் கூட்டிட்டுப் போறதையும் சேர்த்து. கென்யாவுல போரான் மக்களோட அலைஞ்சு 1989ல ஹுசைன் ஐசாக்கும் ஹைன்ஸ் உல்ரிச் ரேயரும் கணக்குப் போட்டுக் காட்டினாங்க, தெரியாத இடத்துல பறவை இல்லாம ஒரு கூடு கண்டுபிடிக்க சராசரியா 8.9 மணி நேரம், பறவை கூட வந்தா 3.2 மணி நேரம்.

இப்போ உங்க பட்டியலை எடுத்துப் பாருங்க. தேன்காட்டி 'லீஸ்ட் கன்சர்ன்', கவலைப்பட ஒண்ணுமில்லாத இனம். மனுஷங்களும் குறையல. ஆனா சர்க்கரை சுலபமா கிடைக்க ஆரம்பிச்ச இடங்கள்லயும், பெட்டியில தேனீ வளர்க்கிறது வந்த இடங்கள்லயும், காட்டுக்குள்ள தேன் எடுக்கக் கூடாதுன்னு தடை போட்ட இடங்கள்லயும் ஆளுங்க கூப்பிடுறதை நிறுத்திட்டாங்க. கூப்பிட ஆளில்லாத காட்டுல அந்தப் பறவைக்கு எதைக் கத்துக்கிறதுன்னு இருக்கு? பறவை இருக்கு, மனுஷன் இருக்கான், நடுவுல இருந்தது போயிடுச்சு, உங்க கட்டம் மட்டும் பச்சையிலயே இருக்கு.

இப்படி முழுசா செத்துப்போன ஒரு உறவும் நமக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவுல ஈடன்கிற ஊர்ல, டூஃபோல்ட் விரிகுடாவுல, ஓர்காக்கள் (கொலைத் திமிங்கலம்னு சொல்வாங்களே, அது) பெரிய திமிங்கலங்களைக் கரைப்பக்கம் விரட்டிட்டு வரும், ஆளுங்க படகுல போய் ஈட்டி எறிவாங்க, உதட்டையும் நாக்கையும் ஓர்காக்களுக்கு விட்டுட்டு மீதியை இவங்க எடுத்துப்பாங்க. வெள்ளைக்காரங்க அங்க திமிங்கல வேட்டை தொடங்குறதுக்கு முன்னாடியே அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான தாவா மக்களுக்கும் ஓர்காக்களுக்கும் இருந்த உறவு அது. திமிங்கலத்தைக் கொல்றது நல்லதுன்னு நான் சொல்ல வரல, அந்த வேட்டை நின்னதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா 1930ல 'ஓல்ட் டாம்'னு பேர் வச்சிருந்த ஓர்கா செத்து ஒதுங்கினப்போ, ரெண்டு இனம் ஒண்ணையொண்ணு புரிஞ்சுக்கிட்டு வச்சிருந்த ஒரு பேச்சுவார்த்தையும் அதோட முடிஞ்சுது. எலும்புக்கூடு மியூசியத்துல இருக்கு. எந்த அசைவுக்கு எந்தப் பதில்னு ரெண்டு பக்கமும் தெரிஞ்சு வச்சிருந்ததை எந்த மியூசியத்துல வைக்கிறது?

இன்னைக்கும் உயிரோட இருக்கிற ஒண்ணு பிரேசில் தெற்குல லகூனாங்கிற ஊர்ல இருக்கு. கலங்கின தண்ணி, மீன் இருக்கிறது கண்ணுக்கே தெரியாது. ஆளுங்க இடுப்பளவு தண்ணியில வரிசையா வீச்சுவலையோட நிக்கிறாங்க, டால்பின்கள் மடவை மீன் கூட்டத்தை அவங்க பக்கம் தள்ளிக்கிட்டு வருது. கிட்ட வந்ததும் ஒரு டால்பின் முதுகை வளைச்சு ஆழமா முங்கும், இல்லேன்னா தலையாலயோ வாலாலயோ தண்ணியை அடிக்கும், அந்த நொடியில வலை விழணும், ஒரு நிமிஷம் தப்பினாலும் வெறும் வலைதான். வலை விழுந்து கூட்டம் சிதறுறப்போ டால்பினுக்கும் பிடிக்கச் சுலபம். 140 வருஷத்துக்கும் மேல இது நடக்குது. குட்டி தாய்கிட்ட கத்துக்குது, பையன் பெரியவங்ககிட்ட கத்துக்கிறான். 2023ல வந்த ஆய்வுல, ஆளுங்களோட சேர்ந்து பிடிக்கிற டால்பின்கள் உயிர் பிழைக்கிற விகிதம் மத்ததை விட 13 சதவீதம் கூடன்னு கண்டுபிடிச்சாங்க, காரணம் அதுங்க இந்த இடத்தை விட்டு அதிகம் போகாம இருக்கிறதால வேற இடத்துல போடுற சட்டவிரோத வலைகள்ல மாட்டுறது குறைவு. மனுஷன் பக்கத்துல இருக்கிறதே பாதுகாப்பா ஆன இடம் அது, நாம அடிக்கடி கேக்குற கதைக்கு நேர் எதிர்.

ஆனா மடவை குறைஞ்சுட்டு வருது. குளிர்காலக் காத்தும் கடல் சூடும் பார்த்துக் கிளம்புற மீன் அது, கடல் மாறினா அதோட கணக்கும் மாறும், அதுக்கு மேல பெரிய வலைப் படகுங்க வெளிக்கடல்லயே அள்ளிடுது. மீன் வராத வருஷம் கூடக் கூட ஆளுங்க வேற வேலைக்குப் போயிடுவாங்க, டால்பினும் வேற இடம் தேடிக்கும். டால்பின் அப்பவும் இருக்கும். நீங்க அப்பவும் எண்ணுவீங்க. எண்ணிக்கை சரியாத்தான் வரும்.

இதை ஏன் இப்போ எழுதுறேன்னா, 2022 டிசம்பர்ல மான்ட்ரியல்ல உட்காந்து 2030க்குள்ள நிலத்துலயும் கடல்லயும் 30 சதவீதத்தைக் காப்பாத்துறதுன்னு உலக நாடுகள் முடிவெடுத்தாங்க. நல்ல முடிவு, நான் மனசார வரவேற்கிறேன். பழங்குடி மக்களோட, உள்ளூர் மக்களோட உரிமையை மதிக்கணும்னு அதே இலக்குலயே எழுதியும் இருக்கு. ஆனா எனக்குப் பயம் இருக்கு, ஏன்னா 1872ல அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவா ஆனப்பவும் நல்ல எண்ணம்தான் இருந்துச்சு, அங்கேயே வாழ்ந்துக்கிட்டிருந்த ஷோஷோனி மக்கள் வெளிய போக வேண்டி வந்துச்சு, அதுக்கப்புறம் எத்தனையோ நாட்டுல அதே அச்சுல காப்பகங்கள் வந்துச்சு, மனுஷன் இல்லாத காடுதான் நல்ல காடுன்னு நமக்கும் மனசுல பதிஞ்சு போச்சு. டைம் கம்மியா இருக்கு, 30ஐத் தொடணும், அப்போ அவசரத்துல ஆளுங்களை வெளிய தள்ளுறதுதான் சுலபமான வழியாத் தெரியும். நியாசா காப்பகம் 42,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, உள்ளேயே ஊருங்க இருக்கு, அதனாலதான் அந்தக் கூப்பாடு இன்னும் அங்க கேக்குது.

எல்லா மனுஷ நடமாட்டமும் காட்டுக்கு நல்லதுன்னு நான் சொல்லல. 1741ல ஸ்டெல்லர்ங்கிற இயற்கை ஆய்வாளர் பார்த்துப் பதிவு பண்ண கடற்பசு 1768க்குள்ள இல்லாம போச்சு, 27 வருஷம்தான், அதைத் தின்னே தீர்த்ததும் மனுஷங்கதான். கோடு போட வேண்டிய இடத்துல போடத்தான் வேணும். நான் கேக்குறது, போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள போய், அங்க இருக்கிறவங்களோட நடந்து பாருங்கன்னுதான்.

இன்னொண்ணு உங்க படிவம் பத்தி. ஒரு உயிரோட எண்ணிக்கை, வாழிடம், ஆபத்து எல்லாம் கேக்குறீங்க. மனுஷன் அதை எதுக்குப் பயன்படுத்துறான்னுகூட ஒரு கட்டம் இருக்கு, தோலுக்கா, கறிக்கா, விக்கிறதுக்கான்னு. மனுஷனும் அதுவும் சேர்ந்து ஏதாவது செய்யுதாங்கிற கேள்வி மட்டும் இல்ல. அதுக்கு ஒரு கட்டம் வைங்க. யார் கூப்பிடுறாங்க, எப்படிக் கூப்பிடுறாங்க, யார்கிட்ட கத்துக்கிட்டாங்க, கடைசியா கத்துக்கிட்டவங்க வயசு என்ன, பதில் இன்னும் வருதா. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சவங்க பல இடத்துல வயசானவங்க, அவங்களுக்கு உங்க படிவத்தோட மொழி தெரியாது, அதனால கேக்கப் போறவங்க அவங்க மொழி தெரிஞ்சவங்களா இருக்கட்டும், சத்தத்தை எழுத்துல எழுதி வாங்காம பதிவு பண்ணிட்டு வரட்டும், அந்தப் பதிவுல ஒரு பிரதி அந்த ஊர்லயே இருக்கட்டும்.

2030க்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான் இருக்கு, ஆனா இந்தக் கட்டத்தைச் சேர்க்க அவ்வளவு நாள் வேண்டாம், அடுத்த படிவம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே முடியும். மொதல்ல தேன்காட்டியில இருந்தே ஆரம்பிங்க.

அன்போட,
உங்க பட்டியலை ஒவ்வொரு தடவையும் முழுசா படிக்கிற ஒருத்தர்