நேற்றைய பட்டியல்

கொழிஞ்சாம்பாறை,
புரட்டாசி 3.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் ஓணத்துக்கு முந்தின வாரமே வந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தவனைப் பால் சங்கத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுப் போய்விட்டார்கள். எதற்கு என்று சொன்னால் சிரிப்பாய். சிரி, பரவாயில்லை.

முதலில் வீட்டுச் சேதி. எல்லாரும் சுகம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த வருஷம் இன்னும் ஓயவில்லை. தென்னை ஒன்று கிழக்கே சாய்ந்து தொழுவத்து ஓடு நாலைந்தை உடைத்துவிட்டது. மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மகள் பிளஸ் டூ போகிறாள். படிப்பது தமிழ் மீடியம், பக்கத்தில் உட்காருபவளோடு பேசுவது மலையாளம், கம்ப்யூட்டர் லேபில் லினக்ஸ். நம் காலத்தில் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிப் போய் ஃபாக்ஸ்புரோ டேட்டாபேஸ் படித்ததை அவளிடம் சொன்னால், அது என்ன நரியா என்கிறாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மச்சினன் ரைஸ் மில் கணக்கில் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுக்காமல் திரையிலேயே பார்க்க என்ன வழி, ஃபைலைத் திறந்து காட்டும் வியூவரில் (ரீடர் என்பதும் அதுதான்) எது நல்லது என்று கேட்டிருந்தாய். எது வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஆனால் திரையில் தெரிவது எப்போது எடுத்தது என்பதை மட்டும் விடாதே. நான் விட்டேன்.

எங்கள் சங்கத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை பால் பணம் பட்டுவாடா. உறுப்பினர் எண், பேர், லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடச்சத்து), ரேட், பிடித்தம், கையில் வருவது என்று நீளமான பட்டியல். கணக்கு இப்போது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் பிடிஎஃப் ஆகி ரீடரில் திறக்கும். அதைத் திரையில் சரிபார்த்துவிட்டுத்தான் பிரிண்ட். அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருக்கும் நாலு வரி நான் எழுதியது, ஒவ்வொரு முறையும் ஒரே ஃபைல் பேருக்கு எழுதும்படி.

ஓணத்துக்கு லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் தருவதாக முடிவு. முந்தின நாள் சாயங்காலம் கூடுதல் இல்லாமல் ஒரு பட்டியல் எடுத்துப் பார்த்தேன். ரீடரை மூடாமல் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரி செக்ரட்டரி கூடுதலை ஏற்றிவிட்டார். காலையில் பட்டனை அழுத்தினேன். பட்டியல் முன்னால் வந்து நின்றது. பேர்கள் சரி, லிட்டர் சரி, பிரிண்ட் கொடுத்தேன்.

முப்பத்தோரு பேர் வாங்கிப் போன பிறகு ஒரு பாட்டி வந்தது. கையெழுத்துப் போடத் தெரியாது, ரேகைதான். ஆனால் விரலை மடக்கிப் போடும் கணக்கு தப்பாது. பணத்தை எண்ணிவிட்டு, “கண்ணு, எனக்குத் தொண்ணூத்தாறு லிட்டரு. நூத்தித் தொண்ணூத்திரண்டு ரூவா எங்கே?” என்றது. நான் திரையைத் திருப்பி, இங்கே பாருங்க என்று அது இருக்கும் வரியைப் பெரிதாக்கிக் காட்டினேன். சாணம் காயாத ஆள்காட்டி விரலைக் கண்ணாடி மேல் வைத்து அந்த வரியில் இடமிருந்து வலமாக மெல்ல இழுத்துக்கொண்டே போனது. கடைசிக் கட்டத்தில் நிறுத்தி, “இது நேத்து போட்ட கணக்கு” என்றது. படிக்கத் தெரியாத கிழவி சொல்லிவிட்டது, மாப்பிள்ளை. அந்தப் பட்டன் எழுதினவனுக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். விண்டோஸில் சில ரீடர்கள் திறந்து வைத்திருக்கும் ஃபைலை வேறு யாரும் மாற்றி எழுத விடாது. புதுப் பட்டியலை என் புரோகிராம் அதே பேரில் எழுதப் பார்த்திருக்கிறது, விண்டோஸ் மறுத்துவிட்டது. அந்தப் பிழைச் செய்தியைத்தான் நான் ‘தொந்தரவு’ என்று எப்போதோ அமுக்கி வைத்திருந்தேனே! அடுத்த வரி ஃபைலைத் திறக்கச் சொன்னது, ரீடரும் நேற்றிலிருந்து கையில் வைத்திருந்ததையே முன்னால் கொண்டுவந்து காட்டியது. பட்டியலின் தலையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பெரிதாகப் போட்டிருந்தேன். எடுத்த நேரம் போடவில்லை.

முப்பத்தோரு பேர் வீட்டுக்கும் போய்ப் பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்தோம். மூலத்தறைப் பக்கம் மட்டும் ஏழு வீடு. ஒருவரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இதை மகளிடம் சொன்னேன். அவள் லினக்ஸ் லேப்டாப்பில் இருக்கும் எவின்ஸ் என்ற பிடிஎஃப் வியூவரில் அதே பட்டியலைத் திறந்து வைத்து, புதிதாக ஒன்றை அதே பேரில் எழுத வைத்தாள். தடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. திரையில் எண்கள் தானாக மாறின. விண்டோஸிலும் சுமத்ராபிடிஎஃப் என்ற ரீடர் அப்படித்தான்: ஃபைலைப் பூட்டாது, மாறினால் திரும்பப் படித்துக்கொள்ளும். சங்கத்து மிஷினில் இப்போது அதுதான் இருக்கிறது. சின்னது, பழைய மிஷினிலும் சட்டென்று திறக்கிறது.

ஆனால் தானாக மாறுவதிலும் ஒரு வம்பு உண்டு. பெரிய ரிப்போர்ட் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே வியூவர் படிக்கப் போனால் திறக்கவில்லை என்று அழும். அதனால் முதலில் வேறு பேரில் முழுக்க எழுதி முடித்து, பிறகு பேரை மாற்றும்படி செய்தேன். அப்புறம் அதையும் விட்டுவிட்டு, ஃபைல் பேரிலேயே தேதியும் மணியும் வரும்படி வைத்துவிட்டேன். ஒவ்வொன்றும் தனி ஃபைல். ஃபோல்டர் குப்பை மாதிரி நிறைகிறது, நிறையட்டும். தலைப்பிலும் எடுத்த மணி வருகிறது, தடித்த எழுத்தில்.

நீயும் நானும் மில் ஆபீஸில் ஆரக்கிள் ரிப்போர்ட்ஸ் என்ற மென்பொருளோடு மல்லுக்கட்டியது ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘பக்கம் 1 / 212’ என்று வந்தால் அழகாக இருக்கும் என்று நீதான் ஆசைப்பட்டாய். அந்த 212 தெரிய வேண்டும் என்றால் 212 பக்கத்தையும் அடுக்கி முடித்த பிறகுதான் முதல் பக்கமே திரைக்கு வரும். இரண்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் ப்ரிவ்யூ வெள்ளையாகவே இருக்கும். மொத்தத்தை எடுத்துவிட்டதும் முதல் பக்கம் பளிச்சென்று வந்தது. மேனேஜர் நாம் என்னமோ மந்திரம் போட்டதாக நினைத்தார்.

ரைஸ் மில் கணக்கில் பேர்கள் தமிழில் இருந்தால் இன்னொன்றும் கவனி. வியூவரில் ‘பொன்னம்மா’ என்று தேடினால் சில பிடிஎஃப்களில் அகப்படாது, பேர் கண்ணெதிரே இருக்கும். நாம் டைப் அடிக்கும்போது ‘ப’ முன்னால், ‘ஒ’ உயிர்க்குறி பின்னால். ரிப்போர்ட் தயாரிக்கிற மென்பொருள் பல நேரம் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்துவிடும்: முதலில் கொம்பு, அப்புறம் ப, அப்புறம் கால். வியூவர் பாவம், இருப்பதைத்தானே தேடும். மலையாளத்துக்கும் இதே கொம்பும் இதே கதியும், ஆகையால் எங்கள் ஊரில் இரண்டு பக்கமும் சமம். நாங்கள் உறுப்பினர் எண்ணைப் போட்டுத் தேடுகிறோம். எழுத்துருவையும் பிடிஎஃப்புக்குள்ளேயே பதித்துவிடு; ஆடிட்டர் மிஷினில் எங்கள் பட்டியல் ஒருமுறை வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

ஒரு குறை மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. திரையில் பெரிதாக்கினால் கட்டங்களின் தலைப்பு வரி மேலே ஓடிவிடுகிறது, எது ஃபேட் எது எஸ்.என்.எஃப். என்று தெரியாமல் மேலும் கீழும் அலைய வேண்டியிருக்கிறது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் 132 எழுத்து அகலத் தாளில் பச்சை, வெள்ளை என்று பட்டை இருக்கும், கண் வரி தப்பாது. அதே மாதிரி ஒன்றுவிட்டு ஒரு வரிக்கு லேசான பச்சை கொடுத்திருக்கிறேன். பாட்டிக்கு அது பிடித்திருக்கிறது. “இப்பத்தான் பாத்தி கட்டின மாதிரி இருக்குது” என்றது.

அடுத்த பட்டுவாடா முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் பட்டியலில் ஒன்றைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வா.  வரும்போது உன் மச்சினன் மில் பொன்னி அஞ்சு கிலோ மறக்காதே. இங்கே எல்லாரும் கேரளத்துச் சிவப்பு மட்ட அரிசிக்கு மாறிவிட்டார்கள், எனக்குத்தான் இறங்க மாட்டேன் என்கிறது.

உன் பழைய பெஞ்சுத் தோழன்.