அண்ணனுக்கு, அந்தக் கையெழுத்தைப் பற்றி

அண்ணே,

நன்னடத்தை அலுவலர் போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். நீ பரோலில் வந்தால் இங்கே தங்க வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை, அவர் முன்னால் வாய் வரவில்லை, அவ்வளவுதான். திங்கட்கிழமை போய் முடியாது என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

உனக்குத் தபாலில் வரும் கடிதத்தில் இது நாலு வரிதான் இருக்கும். அதை உனக்கு முன்னால் வேறு யாரோ பிரித்துப் படிப்பார்கள் என்று நினைத்தாலே கை ஓடவில்லை. இங்கே எழுதினால் ஊரே படிக்கும், அதற்கு மட்டும் ஓடுகிறது பார். "கூடப்பிறந்தவளே இப்படிச் செய்தால்" என்று மாமா வீட்டில் பேசுகிறார்களாம். ஒவ்வொருவருக்காகப் போனில் பதில் சொல்ல என்னால் ஆகாது. ஊர்ப் பெயரோ பிள்ளை பெயரோ இதில் வராது. தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே எழுதிவிடாதீர்கள்.

ஆவணியில் மதினிக்குத் திதி கொடுத்தோம். அன்று நடந்ததைப் பற்றி உனக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. எனக்கு ஞாபகத்தில் நிற்பது அதுவும் இல்லை, அதற்கு எட்டு மாதம் முந்திய மார்கழி ராத்திரி.

கடைசி பஸ்ஸில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். கழுத்தைச் சுற்றித் துண்டு. பனிக்குச் சுற்றியிருக்கிறாள் என்று நினைத்தேன். இட்லி வைத்தேன். பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிர விழுங்கவில்லை. "தொண்ட கட்டிருக்கு" என்றாள், அதுவும் பாதி காற்றாகத்தான் வந்தது. பாலில் மிளகும் மஞ்சளும் பனங்கற்கண்டும் போட்டுக் கொடுத்தேன். கண்ணில் சிவப்பு சிவப்பாகப் புள்ளி. "மெட்ராஸ்-ஐ வந்திருக்கா மதினி? பிள்ளையத் தொடாதீங்க" என்று பாப்பாவை என் பக்கத்தில் இழுத்துப் படுக்க வைத்தேன். சரி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்புறம் நான் அடுப்படிக்குப் போய் உனக்குப் போன் போட்டேன். இங்கேதான் இருக்கிறாள், காலையில் வந்து கூட்டிக்கொண்டு போ என்றேன். நீ அழுதாய். "அவ இல்லன்னா நான் செத்துருவேம்ட்டி" என்றாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் பத்து நாள் ஊருக்குப் போனால் இவர் சிலிண்டர் புக் பண்ணியாச்சா என்று கேட்கத்தான் கூப்பிடுவார். மதினி கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொண்டு போய்த் தூங்கினேன்.

காலையில் நீ குளித்து, திருநீறு பூசி, நாலு முழம் பிச்சிப்பூவோடு வந்தாய். துளி குடி வாடை இல்லை. பாப்பா உன் தோளில் ஏறிக்கொண்டாள். பைக்கில் ஏறும்போது மதினி என்னைப் பார்த்து என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. "ஆவி பிடிங்க, சரியாயிரும்" என்றேன்.

துண்டுக்குள் என்ன இருந்தது என்று கோர்ட்டில் அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை சொன்னாயா? அந்தப் போனில், அவ்வளவு அழுகைக்கு நடுவில், கழுத்தில் கை வைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை?

தீர்ப்புக்குப் பிறகு ராத்திரிகளில் போனை வைத்துக்கொண்டு என்னென்னவோ படித்தேன். கழுத்தை நெரித்தால் குரல் கம்மும், விழுங்க முடியாது, கண் வெள்ளையில் ரத்தப் புள்ளி வரும் என்று மருத்துவம் தெரிந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருமுறை அப்படி நெரிபட்டுப் பிழைத்தவள் பின்னால் அதே ஆள் கையால் சாகிற வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அங்கே ஜாக்குலின் கேம்பல் என்ற நர்ஸ் 1985லேயே இதற்கென்று ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்திருக்கிறார். இப்போது அதில் இருபது கேள்வி. கழுத்தை நெரித்திருக்கிறானா, குடிக்கு அடிமையா, சந்தேகப்படுகிறானா, எங்கே போக வேண்டும் யாரோடு பேச வேண்டும் என்பதை அவனே முடிவு செய்கிறானா, செத்துவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறானா, அவனை விட்டுவிட்டு வந்திருக்கிறாயா. மதினிக்குப் பதிலாக நான் உட்கார்ந்து ஆம், ஆம் என்று போட்டுக்கொண்டே போனேன். செத்துருவேன் என்று நீ சொன்னதை நான் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பட்டியலில் அது இருக்கும் இடம் வேறு.

குடிதான் எல்லாவற்றையும் செய்தது என்று நீ எழுதியிருக்கிறாய். மாமாவும் அதைத்தான் சொல்கிறார். 2003இல் சில்லறை மதுக்கடையை அரசாங்கம் கையில் எடுத்ததிலிருந்து ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசுவார். நானும் கொஞ்ச நாள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வசதியாக இருந்தது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், புருஷன் அடிக்கடி போதையில் இருக்கும் வீடுகளில் நூற்றுக்கு 70 பெண்கள் அவனிடம் அடியோ பாலியல் கொடுமையோ பட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. அடுத்த வரியில் குடிக்காதவன் வீட்டுக் கணக்கு. அங்கேயும் 23.

அப்போதுதான் 2020 ஞாபகம் வந்தது. மார்ச் கடைசியில் பூட்டிய கடையை மே 7 வரை திறக்கவில்லை. முதல் நாலு நாள் உன் கை நடுங்கியது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்றாய், மதினி ராத்திரி முழுக்க உன் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டியது அது. திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம் என்று யாருக்குத் தெரியும்? பிறகு தெளிந்துவிட்டாய். அம்மா காணிக்கை முடிந்து வைத்தாள். அந்தத் தெளிந்த ஐந்து வாரத்தில்தானே மதினி போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்தாய்? வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனால்கூட யாரைப் பார்க்கிறாய் என்று கேட்டாய். கடை திறந்ததும் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி, தெரியுமா? நீ வெளியே போவாயே.

குடி உன்னை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. செய்தது, நானே பார்த்தேன். ஆனால் அவளை விட முடியாமல் போனது குடியால் மட்டும் இல்லை. இதற்கு மேல் இதை எழுதினால் வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

நம் அப்பா தட்டைத் தூக்கி எறியும் ராத்திரிகளில் நீ என்னைப் பத்தாயத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் இரண்டு கையாலும் என் காதைப் பொத்துவாய். உன் உள்ளங்கை எப்போதும் சூடாக இருக்கும். நீ கேட்டாய் எல்லாவற்றையும், நான் கேட்கவில்லை. எனக்கு எட்டு வயது வரை நம் வீட்டில் சண்டை என்றால் கடல் இரைச்சல் மாதிரி ஒரு சத்தம்தான். இதை யாரிடமும் சொல்ல முடிவதில்லை. சொன்னால் உனக்குப் பரிந்து பேசுகிறேன் என்கிறார்கள். பரிந்துதான் பேசுகிறேனோ என்னவோ.

சரி, கையெழுத்து. தை மாதம் மகளிர் ஸ்டேஷனில் மதினி கொடுத்த புகாருக்கு, இனி குடிக்க மாட்டேன் அடிக்க மாட்டேன் என்று நீ எழுதிய பேப்பரின் கீழே சாட்சி என்று போட்டு நான்தான் கையெழுத்துப் போட்டேன். "நான் பொறுப்பு மேடம்" என்று வாயாலும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு எழுந்து உன்னோடு வந்தாள். திருப்பூரில் வேலை பார்த்து வைத்து, பையைக் கட்டி வைத்துக்கொண்டு அடுத்த முறை கிளம்பியபோது அவள் என் வீட்டுக்கு வரவில்லை. ஏன் வருவாள்.

உன் பேருக்கு இன்னொரு பேப்பரில் என் கையெழுத்து விழாது. முப்பது நாள்தானே என்கிறார் மாமா. பாப்பாவிடம் கேட்டேன். அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், உனக்கும் எழுத மாட்டேன், அது அவளுடையது. உன்மேல் எனக்குக் கோபம் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் மட்டும் இருந்திருந்தால் வெள்ளிக்கிழமையே வாய் வந்திருக்கும்.

போன வாரம் பாப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, சாதாரணச் சளிதான். பனங்கற்கண்டு டப்பாவை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். கிளினிக்குக்குக் கூட்டிப்போய் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். டாக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்த மாதம் மனு போட்டுப் பார்க்க வருகிறேன், தனியாகத்தான். கண்ணாடி உடைந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, பவர் எவ்வளவு என்று எழுது. பழைய சீட்டு இருந்தால் அதையே வைத்து அனுப்பு.