திட்டமிடாதவர்களா நாங்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த ஓய்வுக்கால நிதித் திட்டமிடல் கட்டுரையில், "முதுமையில் பணத்துக்குத் திண்டாடுவோர் அனைவரும் இளமையில் திட்டமிடாதவர்களே" என்றொரு வரி இருந்தது. தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் நான். சம்பளம் கைக்கு வருமுன்பே பி.எஃப். பிடித்தம் போய், வந்த பிறகு பிரீமியம் போய், மிஞ்சியதில் குடும்பம் நடத்திப் பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள் சார்பில் கட்டுரையாளருக்கு என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். எங்கள் கஷ்டத்துக்கெல்லாம் எங்கள் சோம்பலே காரணம் என்பது இத்தனை காலமும் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

நிறுவனத்தின் பி.எஃப். பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குச் செல்வதும், அதற்கான சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரில்தான் 6,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தது என்பதும் தாங்கள் அறியாததல்ல. சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்கும் அந்தக் கணக்கில், உச்சவரம்புக்கு உட்பட்டு 35 ஆண்டுகள் உழைத்தவருக்கும் 58 வயதில் கிடைக்கும் மாத ஓய்வூதியம் 8,000 ரூபாயை எட்டாது. குறைந்தபட்சம் என்று அதே 2014இல் நிர்ணயித்த தொகையோ 1,000 ரூபாய். அகவிலைப்படி என்ற பேச்சே கிடையாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டே ஆண்டுகளில் வீட்டுச் செலவு இரட்டிப்பாகும் என்று கட்டுரையாளர் எச்சரிக்கிறார். கணக்கு சரிதான். இரட்டிப்பாகாத ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவர் ஒரு வரி எழுதியிருந்தால் படித்துப் பயன்பெற்றிருப்போம்.

பணி ஓய்வுப் பணம் கணக்கில் வரவானதுமே வங்கியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. வைப்பு நிதி போடச் சென்ற என்னை உள்ளே அமர்த்தித் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, காப்பீட்டுத் திட்டமொன்றின் தாளை நீட்டினார்கள். அதில் ஆண்டு வருமானம் 4 சதவீதமானால் எவ்வளவு, 8 சதவீதமானால் எவ்வளவு என்று இரண்டு பத்திகளில் எண்கள் அணிவகுத்திருந்தன. இரண்டாவது பத்தியின் கடைசி எண்ணை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். இவை எதற்கும் உத்தரவாதமில்லை என்ற வாசகம் தாளின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. ஐந்தொகையின் அடிக்குறிப்புகளைப் படித்தே கண் கெட்டவன் நான். அதை முதலில் படித்துவிட்டு, வைப்பு நிதியே போதும் என்றேன். அதன் பிறகு தேநீர்க் கோப்பையை எடுத்துச் செல்லக்கூட யாரும் வரவில்லை.

அதே நாளில் எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அதுவும் ஒருவகை வைப்பு நிதிதான் என்று சொல்லப்பட்டதை நம்பிக் கையெழுத்திட்டார். இரண்டாம் ஆண்டுப் பிரீமியம் கேட்டுக் கடிதம் வந்தபோதுதான் அவருக்கு விஷயமே புரிந்தது. பாலிசியைத் திருப்பி அனுப்ப அப்போதிருந்த 15 நாள் அவகாசம் எப்போதோ முடிந்திருந்தது. ஓராண்டுப் பிரீமியம் மட்டும் கட்டியவருக்கு, பாலிசியை இடையில் கைவிட்டால் திரும்பக் கிடைக்கும் சரண்டர் மதிப்பும் அன்று கிடையாது. அந்த அவகாசம் 30 நாளாக நீண்டதும், ஓராண்டு கட்டினாலே ஓரளவு பணம் திரும்பும் என்று விதி மாறியதும் 2024இல்தான். கட்டுரையாளர் குறிப்பிடும் திட்டமிடாதவர் இந்த அம்மையார்தானா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மருத்துவக் காப்பீட்டை இளம் வயதிலேயே எடுத்துவிட வேண்டும் என்ற அறிவுரைக்கும் குறைவில்லை. எடுத்தோம், விடாமல் புதுப்பித்தோம். ஆண்டுக்கணக்கில் ஒரு ரூபாய்கூடக் கேட்காதவனிடம், 60 வயது கடந்ததும் பிரீமியத்தை அவர்கள் ஏற்றிய வேகம் இருக்கிறதே! மூத்த குடிமக்களின் பிரீமியத்தை முன் ஆலோசனையின்றி ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையிட நேர்ந்ததிலிருந்தே நிலைமை எங்கே போயிருந்தது என்பது விளங்கும். அந்தப் பிரீமியத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு, தனிநபர் பாலிசிகளுக்கு அது விலகியது 2025 செப்டம்பர் 22 முதல்தான்.

இவற்றில் சிலவற்றை முன்பே தங்களுக்கு எழுதினேன். இடமின்மை காரணமாகக் கடிதத்தைச் சுருக்கி, கட்டுரை நடையைப் பாராட்டிய முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். இம்முறை பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பரிந்துரைக்கும் திட்டங்களை விற்பதால் கட்டுரையாளருக்குக் கமிஷன் கிடைக்கிறதா, அல்லது அவர் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகரா என்பதைக் கட்டுரையின் அடியில் குறிப்பிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் தீர்வு கிடைக்காதவர்கள், 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்குக் கட்டணமோ வழக்கறிஞரோ இன்றிக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம் என்பதையும் ஒரு சிறு கட்டத்தில் வெளியிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு அங்குலம் போதும். அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் உள்ள காப்பீட்டு விளம்பரத்தைத் தொட வேண்டிய அவசியமே நேராது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கணக்காளர்