ஆறு பூஜ்யங்கள்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. திட்டாதே, இந்த வாரம் என்னை ஒருவழி ஆக்கிவிட்டது. புதுத் தணிக்கை வேலை பற்றி எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். கணக்கு முதல் தடவையிலேயே பொருந்திவிட்டால் உனக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி எனக்குச் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உன் கேள்விக்கு வருகிறேன். "ஹார்மோன் என்றால் ரத்தத்தில் பார்ப்பதுதானே, நீ எதற்குத் திசுவோடு மல்லுக்கட்டுகிறாய்?" என்று கேட்டிருந்தாய். தபால் பையைப் பார்த்தால் எத்தனை கடிதம் போகிறது என்று தெரியும். வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பது அந்த வீட்டுக்குப் போனால்தான் தெரியும். நான் தேடுவது அந்த ஆளை: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் புரதம். மார்பகப் புற்றுக் கட்டியின் செல்களில் அது இருந்தால் டமாக்சிஃபென் போன்ற மருந்துக்குக் கட்டி அடங்க வாய்ப்புண்டு. இல்லையென்றால் அந்த மருந்தைக் கொடுத்துப் பயனில்லை. பயப்படாதே, என்னிடம் வருபவை சிகிச்சை முடிந்த பழைய மாதிரிகள், ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கியவை. திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கின் மேல் ஒரு எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது.

திங்கள் முழுக்க வெட்டுவதிலேயே போயிற்று. பாரஃபின் மெழுகில் பதித்த திசுவை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் வைத்து 4 மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டரை 250 கூறு போட்டால் அதில் ஒரு கூறு. சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடா மாதிரி வரும். மூச்சுக்காற்று பட்டால்கூடச் சுருண்டு கத்தியில் ஒட்டிக்கொள்ளும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடி ஸ்லைடை அடியில் கொடுத்து ஏந்த வேண்டும். முதல் பத்தில் ஏழு வீண். செவ்வாய் அதைவிட மோசம்: திசு ஒட்டிக்கொள்வதற்கென்று பூச்சு போட்ட ஸ்லைடுக்குப் பதில் சாதா ஸ்லைடை எடுத்துவிட்டேன். சாயம் ஏற்றுமுன் கரைசலில் வேகவைக்கும்போது பாதித் திசு கழன்று அடியில் மிதந்தது. மறுபடியும் வெட்டினேன்.

புதன்கிழமைதான் விஷயமே. கெடாமலிருக்க ஃபார்மலினில் ஊறிய திசுவில் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், ஏற்பியைத் தேடி ஒட்டிக்கொள்வதற்காக நாம் ஊற்றும் ஆன்டிபாடிக்கு அது அகப்படாது. அதனால் சைலீனில் மெழுகைக் கரைத்த பிறகு, பிஹெச் 6 உள்ள சிட்ரேட் கரைசலில் ஸ்லைடுகளை வேகவைக்கிறோம். அப்புறம் ஆன்டிபாடி, கடைசியில் சாயம். ஏற்பி இருக்கும் உட்கரு பழுப்பாகும், மற்றவை ஹீமடாக்சிலின் என்ற இன்னொரு சாயத்தில் நீலமாக நிற்கும்.

ஆறு ஸ்லைடு பார்த்தேன். ஆறும் நீலம். பழுப்பு ஒரு பொட்டுகூட இல்லை. எவ்வளவு சுத்தமான முடிவு என்று எனக்கு ஒரே சந்தோஷம். நோட்டில் வரிசையாக ஆறு பூஜ்யம் போட்டேன்.

ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வந்து ஒரே நிமிஷம் நுண்ணோக்கியில் பார்த்தார். "கட்டியை விடு. ஓரத்துல சாதாரண பால்நாளம் இருக்கே, அதுவும் ஏன் நீலமா இருக்கு?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. நோயில்லாத நாளத்தில் உள்வரிசைச் செல்கள் சிலவற்றிலாவது ஏற்பி இருந்தாக வேண்டும். அதுவே நீலமென்றால் ஏற்பி இல்லை என்று அர்த்தமில்லை, சாயமே ஏறவில்லை என்று அர்த்தம். ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே வைக்க வேண்டிய, ஏற்பி உண்டென்று முன்பே தெரிந்த கருப்பை உட்சவ்வு ஸ்லைடையும் ஆன்டிபாடியை மிச்சம் பிடிக்கலாமென்று நான் வைக்கவில்லை. வைத்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். தவறு எங்கே என்று தேடினால், கரைசல் கொதிக்கும் முன்பே ஸ்லைடுகளைப் போட்டு, அந்த நொடியிலிருந்தே இருபது நிமிடத்தை எண்ணியிருக்கிறேன். சோறு வடிக்கிறவளுக்குக்கூடத் தெரியும், உலை கொதித்த பிறகுதான் நேரம் பார்க்க வேண்டுமென்று.

வியாழன் எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். இந்தத் தடவை நாளத்தைத்தான் முதலில் பார்த்தேன். வட்டமாக அடுக்கிய செல்களில் ஒன்று நல்ல பழுப்பு, பக்கத்தில் இரண்டு நீலம், அடுத்தது வெளிறிய காப்பிக் கறை மாதிரி. ஆறில் நான்கு கட்டிகள் பழுப்பேறியிருந்தன. அப்புறம் எண்ணும் வேலை. நூற்றுக்கு ஒரு உட்கரு பழுப்பானாலே ஏற்பி உண்டு என்பதுதான் இப்போதைய அளவுகோல், 10 வரை இருந்தால் 'குறைவு' என்று தனியாகக் குறிக்க வேண்டும். வெளிறியதைச் சேர்ப்பதா, விடுவதா என்பதில்தான் தகராறு. ஒரே ஸ்லைடுக்கு அக்கா 60 என்றார், நான் 75.

ஒரு செய்தி உனக்குப் பிடிக்கும். ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் சூலகத்தை அகற்றினால் முற்றிய மார்பகப் புற்று சுருங்குவதை ஜார்ஜ் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் 1896இல் எழுதிவிட்டார். 'ஹார்மோன்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்ததே 1905இல்தான். அந்த ஏற்பியை எல்வுட் ஜென்சன் கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனை வைத்துத் தேடிப் பிடித்தது 1950களின் கடைசியில். பெயரும் தெரியாமல், காரணமும் தெரியாமல் அந்த மனிதர் எந்தத் தைரியத்தில் கத்தியை எடுத்தாரோ!

மீதி இரண்டு ஸ்லைடும் இன்னும் நீலம்தான். ஆனால் அவற்றின் ஓரத்தில் இருக்கும் நாளங்கள் பழுப்பாகிவிட்டன. ஆய்வக நோட்டில் தாளைக் கிழிக்கக் கூடாது என்பது விதி. அதனால் பழைய ஆறு பூஜ்யத்தின் மேலும் ஒற்றைக் கோடு போட்டு, காரணத்தை எழுதி, தேதியோடு கையெழுத்திட்டேன். அடுத்த பக்கத்தில் அந்த இரண்டுக்கு மட்டும் மறுபடி பூஜ்யம் போட்டேன். நீ வந்து தணிக்கை செய்தால் நிற்குமா, சொல்.

உன் மேலதிகாரி இன்னும் ராத்திரி பத்து மணிக்குத்தான் கோப்பு அனுப்புகிறாரா? அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மறக்காமல் எழுது. திங்கட்கிழமை எனக்கு இன்னும் பன்னிரண்டு பிளாக் வெட்ட வேண்டும்.

அன்புடன்,
வசந்தி